ஐந்தாவது பூதத்துக்கு இடம் விடுவது எப்படி?

மாயக்கதை எழுத உட்காரும் பலர் முதல் நாளே நோட்டில் ஒரு அட்டவணை போட்டுவிடுகிறார்கள். நிலம், நீர், தீ, காற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு குலம், ஒரு கோட்டை. அப்புறம் ஒரு வரி இடம் விட்டு ஐந்தாவதாக ஒன்றை எழுதி அடிக்கோடு போடுகிறார்கள். அது நான்கையும் விடப் பெரியது, பழையது, யாருக்கும் வாய்க்காதது. கதாநாயகனுக்கு மட்டும் வாய்க்கும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்காம் அத்தியாயத்தில் என் நாயகிக்கு ஐந்தாவது சக்தி வந்தது. ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து மற்ற யாருக்கும் வேலை இல்லை. அதுவரை ஒற்றை ஆளாக மதிலைத் தாங்கி நின்ற குயவர் வீட்டுப் பையன், அதன் பிறகு அவளுக்குப் பின்னால் நின்று வியந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பதினோராம் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டேன். அந்தக் கையெழுத்துப் பிரதியைப் பல முறை எடுத்துப் படித்த பிறகுதான் பிழை எங்கே என்று புரிந்தது. மற்ற நான்கும் செய்த வேலையையே அந்த ஐந்தாவது சக்தி இன்னும் பெரிதாகச் செய்தது. வேறு எதையும் அது செய்யவில்லை.

ஐந்தாவது பூதம் வலிமையாக இருக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்த வலிமை வேறு வகையாக இருக்க வேண்டும். அதை எப்படிக் கட்டுவது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்காக ஒரு சின்ன ஏரிக்கரை ஊரைக் கூடவே கட்டிக்கொண்டு போவோம்.

படி 1: முதலில் நான்கை மட்டும் எழுதுங்கள்

ஐந்தாவதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காமல், நான்கும் என்ன செய்யும், என்ன செய்யாது என்று எழுதி முடியுங்கள். "தீ எரிக்கும்" என்று எழுதினால் போதாது. எரிப்பது என்றால் என்ன என்று கேளுங்கள்.

இதற்கு நம்மிடம் அருமையான கருவி ஒன்று இருக்கிறது. சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரங்கள் 14-ல் ஒன்றான உண்மை விளக்கம், பூதங்களின் தொழிலை ஒரே வெண்பாவில் சொல்லிவிடுகிறது. மண் கடினமாக இருந்து தாங்கும். நீர் குளிர்ந்து பதமாக்கும். தீ சுட்டு ஒன்றாக்கும். காற்று பரந்து அசைந்து திரட்டும். இதில் தீயின் தொழிலைப் பாருங்கள். நாமெல்லாம் தீ அழிக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வெண்பா, தீ இரண்டை ஒன்றாக்கும் என்கிறது. கொல்லுப்பட்டறையில் இரண்டு இரும்புத் துண்டுகளைச் சிவக்கக் காய்ச்சி அடித்து ஒட்டவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டால், உங்கள் தீ மந்திரக்காரி நெருப்புருண்டை எறிகிறவளாக இருக்க மாட்டாள். பிரிந்ததை ஒட்டவைப்பவளாக இருப்பாள். பாத்திரம் அங்கேயே பிறந்துவிடுகிறது.

அடுத்து, முடியாதவை. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மண் தலம். அங்கே மூலவர் மணல் லிங்கம் என்பதால் அதற்கு நீர் அபிஷேகம் செய்வதில்லை. ஒரு பூதத்தின் இயல்பு அதன் வழிபாட்டையே மாற்றிவிட்டது பாருங்கள். உங்கள் உலகத்திலும் இப்படி ஒவ்வொரு பூதத்துக்கும் ஆகாத ஒன்றை வையுங்கள். மண் மந்திரம் தெரிந்தவர் மழையில் நனையக்கூடாது என்பது போல. எளிய விதிகள்தான் கதையில் நெடுநாள் உழைக்கும்.

நம் ஏரிக்கரை ஊரில் நான்கு பேர். தாங்குகிற குயவர் பையன். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டித் தாத்தா. ஒட்டவைக்கும் கொல்லர் வீட்டுப் பெண். பாய்மரம் கட்டி மீன்பிடிக்கும் ஒரு அண்ணன். நான்கு பேருக்கும் பொதுவாக ஒரு விதி: தங்கள் பூதத்துக்குரிய சொல்லை வாய்விட்டுச் சொன்னால்தான் அது கேட்கும். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது ஒரே ஆபத்தை நான்கு பேரிடமும் கொடுத்துப் பாருங்கள். வைக்கோற்போரில் தீப்பிடித்துவிட்டது. யார் எப்படி அணைப்பார்? நான்கு பேரும் நான்கு விதமாக அணைத்தால் உங்கள் அமைப்பு சரியாக நிற்கிறது. இரண்டு பேர் ஒரே மாதிரி அணைத்தால் அவர்களில் ஒருவர் தேவையில்லை.

படி 2: நான்காலும் முடியாத ஒன்றைக் கண்டுபிடியுங்கள்

ஐந்தாவது பூதம் மனித சிந்தனைக்குள் எப்படி வந்தது என்று பார்த்தால் இந்தப் படி தெளிவாகும்.

கிரேக்கத்தில், கிமு 5-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவைச் சேர்ந்த எம்பெடோக்ளிஸ் நான்கு வேர்களைச் சொன்னார். மண், நீர், காற்று, தீ. சுமார் ஒரு நூற்றாண்டு கழித்து அரிஸ்டாட்டில் அந்த நான்கையும் வைத்துக்கொண்டு உலகத்தின் அசைவுகளைப் பார்க்கிறார். மண்ணும் நீரும் கீழே விழும். காற்றும் தீயும் மேலே போகும். எல்லாம் நேர்கோடு. ஆனால் இரவில் தலைக்கு மேலே விண்மீன்கள் வட்டமாகச் சுற்றுகின்றன, ஓய்வில்லாமல், தேயாமல். நான்கில் எதுவும் இயல்பாக வட்டமிடாது. அப்படியானால் வட்டமிடுவதையே இயல்பாகக் கொண்ட வேறொரு பொருள் அங்கே இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். அதற்குக் கனமும் இல்லை, லேசும் இல்லை. ஈதர் என்று நாம் கேள்விப்படுவது இதைத்தான்.

அந்த முடிவு தவறு என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் அங்கே போன வழியைப் பாருங்கள். சக்தி போதவில்லை என்று அவர் ஐந்தாவதைத் தேடவில்லை. நான்கினால் விளக்க முடியாத ஒரு காட்சி கண்முன்னே இருந்தது. அதற்காகத் தேடினார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். உங்கள் உலகத்தில் எல்லோரும் தினமும் பார்க்கிற, யாரும் ஏன் என்று கேட்காத ஒரு விஷயத்தை முதல் அத்தியாயத்திலேயே வையுங்கள். நம் ஊரில், ஏரியின் கீழ்மடை அருகே கூப்பிட்டால் எதிரொலி வராது. மேல்மடையில் வரும், கரை நெடுக வரும், அந்த ஒரு இடத்தில் மட்டும் வராது. ஊரார் பழகிவிட்டார்கள். குழந்தைகள் அங்கே கத்திப் பார்த்து விளையாடுவார்கள். கதையில் அதற்கு இரண்டு வரி போதும்.

படி 3: அது எங்கே நிற்கிறது?

பல பேர் குழம்புகிற இடம் இது. ஐந்தாவது என்றாலே மேலே இருப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். உலகத்தில் மனிதர்கள் ஐந்தாவதற்கு வெவ்வேறு இடங்களைக் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடம் கொடுக்கிறீர்களோ அதற்கேற்ற கதைதான் கிடைக்கும்.

அரிஸ்டாட்டிலின் ஐந்தாவது மேலே நிற்கிறது. நிலவுக்குக் கீழே அது வருவதே இல்லை. இப்படி வைத்தால் உங்கள் கதை ஏக்கத்தின் கதை. எட்டாததைத் தேடிப் போகிற பயணக் கதைக்குப் பொருந்தும்.

ரசவாதிகளின் ஐந்தாவது உள்ளே ஒளிந்திருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் ரூபெசிஸ்ஸா என்ற பிரெஞ்சுத் துறவி, அவிஞோன் நகரச் சிறையில் இருந்தபடி எழுதினார்: திராட்சை மதுவைத் திரும்பத் திரும்ப வடித்தெடுத்தால் வருகிற சாரத்தில் இறைச்சியைப் போட்டு வைத்தால் அழுகாது, ஆகவே அது நான்கு பூதங்களுக்கும் அப்பாற்பட்ட ஐந்தாம் சாரம். வானத்தில் இருந்ததை அவர் வாலைக்குள், அதாவது வடிகலத்துக்குள், கொண்டுவந்துவிட்டார். இப்படி வைத்தால் உங்கள் கதை உழைப்பின் கதை. பொறுமையாக வடித்தெடுக்கிறவனுக்கு அது கிடைக்கும், பிறப்பால் கிடைக்காது. எனக்கு இது மிகவும் பிடிக்கும். பரம்பரை ரத்தத்தில் ஓடும் சக்திகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

சீன மரபில் ஐந்துமே சமம். மரம், தீ, மண், உலோகம், நீர். மரம் தீயை வளர்க்கும், தீ சாம்பலாகி மண்ணாகும், மண் உலோகத்தைத் தரும், உலோகம் நீரைத் தரும், நீர் மரத்தை வளர்க்கும். இன்னொரு சுற்றில் ஒன்றை ஒன்று அடக்கும்: நீர் தீயை அணைக்கும், தீ உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும், மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீருக்கு அணை போடும். இங்கே எதுவும் உச்சியில் இல்லை. போட்டிக் கதை, அரசியல் கதை எழுதுகிறவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் "கூடுதல் வலிமை" என்ற எண்ணத்துக்கே இதில் இடமில்லை. அதை வேண்டுகிறவர்கள் இந்த வழியில் வர வேண்டாம்.

நம் மரபில் ஐந்தாவது அடியில் இருக்கிறது. அடியில் என்றால் தாழ்வாக என்று பொருள் இல்லை. மற்ற நான்கும் அதிலிருந்து வந்தவை, அதில் நிற்பவை. இதற்குத் தனியாக ஒரு படியே வேண்டும்.

படி 4: கூட்டாதீர்கள், குறையுங்கள்

திருவாசகத்தின் போற்றித் திருஅகவலில் மாணிக்கவாசகர் சொல்கிறார்:

பாரிடை ஐந்தாய்ப் பரந்தாய் போற்றி
நீரிடை நான்காய் நிகழ்ந்தாய் போற்றி
தீயிடை மூன்றாய்த் திகழ்ந்தாய் போற்றி
வளியிடை இரண்டாய் மகிழ்ந்தாய் போற்றி
வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி

பக்திக்காகப் படிக்கிறவர்கள் அப்படிப் படிக்கட்டும். கதை எழுதுகிறவர்கள் இதைக் கணக்காகவும் படிக்கலாம். மண்ணுக்கு ஐந்து குணங்கள்: ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம். அதைக் கேட்கலாம், தொடலாம், பார்க்கலாம், சுவைக்கலாம், முகரலாம். நீருக்கு நாற்றம் இல்லை, நான்கு. தீயைச் சுவைக்க முடியாது, மூன்று. காற்றைப் பார்க்க முடியாது. தொட்டு உணரலாம், கேட்கலாம், இரண்டு. வெளிக்கு ஒன்றே ஒன்று: ஓசை.

இதில் என்னை உலுக்கிய விஷயம் என்னவென்றால், எது எல்லாவற்றுக்கும் மூலமோ அதற்குத்தான் குணம் மிகக் குறைவு. மற்றவை எல்லாம் அதிலிருந்து பிறந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு கீழே வருகின்றன. நாம் அட்டவணையில் அடிக்கோடு போட்டு ஐந்தாவதற்கு எல்லாச் சக்தியையும் வாரிக் கொடுத்தோமே, அதற்கு நேர் எதிர்.

ஆகவே உங்கள் ஐந்தாவது பூதத்துக்கு ஒரே ஒரு குணத்தைக் கொடுங்கள். ஒன்றுதான். அந்த ஒன்று மற்ற நான்கிலும் ஏற்கெனவே கலந்திருக்க வேண்டும். மண்ணிலும் ஓசை உண்டு, நீரிலும் உண்டு, தீயிலும் காற்றிலும் உண்டு என்பது போல. அப்படி இருந்தால் அது தனியாக நின்று எதையும் தூக்காது, எரிக்காது, அடிக்காது. ஆனால் அதில் ஏதாவது மாறினால் நான்கும் சேர்ந்து ஆடிப்போகும்.

சிதம்பரத்தில் சித்சபைக்கு முன்னால் நின்றவர்களுக்கு இது தெரியும். திரை விலகும். நடராசருக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் திரைக்கு உள்ளே உருவம் இல்லை. பொன்னால் செய்த வில்வ இலை மாலைகள் தொங்குகின்றன, அவற்றுக்குப் பின்னால் வெறும் இடம். திரை விலகும் அந்த நொடியில் கூட்டத்தில் எழுகிற மூச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இல்லாத ஒன்றைக் காட்ட இருக்கிற ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஐந்தாவது பூதத்தை எழுத்தில் காட்டவும் அதுதான் வழி. அதை வருணிக்காதீர்கள். அதற்கு முன்னால் எது தொங்குகிறதோ அதை வருணியுங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நான்கு பேரும் சொல்லை வாய்விட்டுச் சொன்னால்தான் பூதம் கேட்கும் என்று விதி வைத்தோம். ஐந்தாவதாக அல்லி என்று ஒரு சிறுமி. அவளால் ஒரு இடத்து ஓசையை எடுத்துவிட முடியும். அவ்வளவுதான். ஒரு கூழாங்கல்லைக்கூட அவளால் நகர்த்த முடியாது. ஆனால் அவள் நிற்கிற இடத்தில் நான்கு பேரின் மந்திரமும் செத்துவிடும்.

படி 5: முதல் முறை அது கெடுதலாகவே வரட்டும்

ஐந்தாவது சக்தி வெளிப்படுகிற காட்சியில் ஒளி வெள்ளமும் இடியும் வைப்பது பழைய பழக்கம். அதற்குப் பதிலாக, நான்கில் ஒன்று தோற்கிற காட்சியாக அதை எழுதிப் பாருங்கள். எது தோற்கடித்தது என்று வாசகருக்கு உடனே தெரிய வேண்டாம். ஒரு மாதிரி இதோ:

மழை வலுத்திருந்தது. ஏரிக்கரையில் ஒரு முழ அகலத்துக்கு மண் சரிந்து, கலங்கல் நீர் வழியத் தொடங்கியது. நீர்க்கட்டித் தாத்தா கீழ்மடையின் கல்லில் முழங்கால் ஊன்றிக் குனிந்தார். உதடு அசைந்தது. தண்ணீர் நிற்கவில்லை.

"உரக்கச் சொல்லுங்க தாத்தா!" கரை மேலிருந்து குயவர் பையன் கத்தினான்.

"சொன்னேனேடா. என் காதுக்கே கேக்கலையே" என்று அவர் சொன்னது அவனுக்கும் கேட்கவில்லை. வாய் திறந்து மூடியதை மட்டும் பார்த்தான்.

மடைக்குப் பக்கத்தில் அல்லி இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடி என்றால் பயம்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. அல்லி எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. பயத்தில் இடியோசையை நிறுத்தப் பார்த்தாள், கூடவே தாத்தாவின் சொல்லும் போயிற்று. இன்னொன்று, இடம். எதிரொலி வராத அதே கீழ்மடை. அவளுக்கு முன்னால் எப்போதோ யாரோ அங்கே இதையே செய்திருக்கிறார்கள் என்று கவனமான வாசகர் ஊகிக்கலாம். முதல் அத்தியாயத்து இரண்டு வரி இப்போது பலன் தருகிறது.

படி 6: விலை

விலை இல்லாத சக்தி கதையைத் தின்றுவிடும், இது நீங்கள் கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் விலை என்றால் களைப்பு, மூக்கில் ரத்தம், சில வருட ஆயுள் என்று எழுதிவிடுகிறார்கள். களைப்பு ஒரு இரவு தூங்கினால் போய்விடும். ஆயுள் குறைவதை வாசகர் உணரவே மாட்டார். விலையும் அந்தப் பூதத்தின் குணத்திலிருந்தே வர வேண்டும். ஓசையை எடுக்கிறவள் ஓசையில்தான் கொடுக்க வேண்டும்.

அல்லி ஒவ்வொரு முறை ஓசையை எடுக்கும்போதும் அவள் வாயிலிருந்து ஒரு எழுத்து போய்விடுகிறது. முதலில் போவது ழகரம். அதற்குப் பிறகு அவளால் மழை என்று சொல்ல முடியாது. ஏழு, வாழை, கிழங்கு, கழுத்து எதுவும் வராது. "மளை விட்டாச்சா தாத்தா?" என்று கேட்பாள். ஏரியை நம்பி வாழும் ஊரில் மழை என்ற சொல் இல்லாமல் வளர்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

இந்த விலையில் எனக்கு இன்னொரு வசதியும் தெரிகிறது. நம் ஊர்ப் பேச்சில் ழகரம் ளகரமாவது சாதாரணம். வாசகர் முதலில் அதை வட்டார வழக்கு என்றே எடுத்துக்கொள்வார். குறிப்பு கண்ணெதிரே கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது எழுத்து போகும்போதுதான் சிலருக்குத் தட்டும். மூன்றாவதில் எல்லோருக்கும் தெரியும். அடுத்தது எந்த எழுத்து என்று பயப்படத் தொடங்குவார்கள். அவள் அம்மாவைக் கூப்பிட மகரம் வேண்டுமே.

உங்கள் ஐந்தாவது பூதம் ஓசையாக இல்லாமல் இருக்கலாம். நேரமாகவோ நினைவாகவோ நிழலாகவோ இருக்கலாம். அதே கேள்வியைக் கேளுங்கள்: எடுப்பது எதுவோ, கொடுப்பதும் அதிலேயே இருக்கிறதா?

படி 7: நம்பாத ஒருவரை வையுங்கள்

ஐந்தாவது என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்கிற பாத்திரம் கட்டாயம் வேண்டும். அவரை முட்டாளாக எழுதாதீர்கள். கதையிலேயே தெளிவான ஆள் அவராக இருக்கட்டும்.

பழைய இந்தியாவில் உலகாயதர்கள் நான்கு பூதங்களை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். புலனுக்குத் தெரியாத ஆகாயத்தை ஏன் ஏற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். நேர்மையான வாதம். பின்னால் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய இயற்பியலாளர்கள், ஒளி அலையாகப் பரவ ஒரு ஊடகம் வேண்டும் என்று ஈதரை மறுபடி நம்பினார்கள். 1887-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் நகரில் மைக்கெல்சனும் மார்லியும் பாதரசத்தில் மிதக்கும் கனத்த கல்பலகை ஒன்றின் மேல் கருவியை வைத்து, மெதுவாகச் சுழற்றி, பூமி ஈதரைக் கிழித்துப் போவதால் வர வேண்டிய வேறுபாட்டைத் தேடினார்கள். எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை. 1905-ல் ஐன்ஸ்டைன் ஈதர் தேவையே இல்லை என்று எழுதினார்.

கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் எழுந்த அந்த இரண்டு பேர் என் மனதை விட்டுப் போவதே இல்லை. தேடினவர்களே இல்லை என்று கண்டுபிடிக்கும் மாயக்கதையைத் தமிழில் யாராவது எழுத வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுகிறேன்.

நம் ஊரில் நம்பாதவர் கொல்லர் வீட்டுப் பெண். கீழ்மடையில் எதிரொலி வராததற்கு அங்கே மண் வேறு, கல் வேறு என்று காரணம் சொல்வாள். பாதிக் கதை வரை அவள் சொல்வதுதான் சரியாகவும் இருக்கும்.

படி 8: பெயர்

பெயரை முதலிலேயே வைத்துவிடாதீர்கள். மேலே உள்ளவை முடிந்த பிறகு வைத்தால் போதும். சில எச்சரிக்கைகள்.

தனிமம், மூலகம் இரண்டும் வேண்டாம். முன்னது தமிழ்நாட்டு வேதியியல் புத்தகம், பின்னது இலங்கை வேதியியல் புத்தகம். இரண்டிலும் ஆய்வுக்கூட வாடை. பூதம் நல்ல சொல், ஆனால் வாசகருக்குப் புளியமரத்துப் பூதமும் நினைவு வரும். அந்த இரட்டைப் பொருள் உங்கள் கதைக்கு உதவுமானால் தாராளமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஐம்பூதம் என்று சேர்த்தே எழுதுங்கள்.

ஐந்தாவதற்கு ஆகாயம், விசும்பு, வெளி, வான், சூனியம் என்று சொற்கள் வரிசையாக இருக்கின்றன. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் விசும்பு என்கிறார். மண் செறிந்த நிலம், அந்த நிலம் ஏந்திய விசும்பு, விசும்பைத் தடவி வரும் வளி என்று ஒன்றில் ஒன்றைக் கோத்துக்கொண்டு போகிறார். பழமையான உலகம் என்றால் விசும்பு பொருந்தும். வெளி எளிமையானது, வீட்டுக்கு வெளியே என்பதிலும் அதுதான் இருக்கிறது, வயல்வெளியிலும் அதுதான். சூனியம் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்றுமில்லாமை என்றும் பொருள், செய்வினை என்றும் பொருள். "அவளுக்குச் சூனியம் தெரியும்" என்று ஊரார் அல்லியைப் பற்றிச் சொன்னால், பழிக்கிறவர்கள் ஒரு பொருளில் சொல்வார்கள், உண்மை மற்றப் பொருளில் இருக்கும். இந்த வாக்கியத்தை வேறு மொழியில் எழுதவே முடியாது.

படி 9: எவ்வளவு பக்கம்?

ஜப்பானிய வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி, 1645-ல் இறப்பதற்குச் சற்று முன் முடித்த நூலை மண், நீர், தீ, காற்று, வெற்றிடம் என ஐந்து சுருள்களாகப் பிரித்தார். வெற்றிடச் சுருள்தான் ஐந்தில் மிகச் சிறியது. ஓரிரு பக்கத்தில் முடிந்துவிடும். அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் ஐந்தாவது பூதம் நேரடியாக வருகிற பக்கங்களை எண்ணிப் பாருங்கள். மற்ற நான்கில் எதையும் விட அது அதிகமாக இருந்தால் வெட்டுங்கள்.

கடைசிச் சண்டையையும் ஐந்தாவதைக் கொண்டு முடிக்காதீர்கள். அது இடம் விடட்டும்; வேலையை நான்கும் செய்யட்டும். நம் கதையில் கடைசி வெள்ளத்தின்போது அல்லி இடியையும் காற்றின் இரைச்சலையும் மட்டும் பிரித்து எடுத்துவிடுகிறாள். அந்த அமைதியில் தாத்தாவின் நடுங்கும் குரல் தண்ணீருக்குக் கேட்கிறது. குயவர் பையன் கரையைத் தாங்குகிறான். என் பழைய கையெழுத்துப் பிரதியில் வேலையில்லாமல் நின்ற அதே பையன்.

எழுதி முடித்ததும் ஒரு வேலை பாக்கி. ழகரம் போன பிறகு வருகிற அல்லியின் உரையாடல்களை மட்டும் தனியாக எடுத்து, கணினியில் ழ என்ற எழுத்தைத் தேடுங்கள். இரண்டு மூன்று இடத்திலாவது தப்பி உட்கார்ந்திருக்கும். கைக்குப் பழகிய எழுத்து அது. ஒவ்வொன்றையும் மாற்றுங்கள். அப்புறம் அந்த உரையாடல்களை வாய்விட்டுப் படியுங்கள். மழை வருகிற இடத்தில் உங்கள் நாக்கு தானாக மடியப் பார்க்கும், மடிக்காமல் படிக்க வேண்டும்.